தறிச் சத்தத்தில் ஊறின காதும் இரண்டு சிடி பிளேயரும்

“ஏஞ்சாமி, கெணத்துக்குள்ள உக்காந்து பாடறாப்ல இருக்குது?”

புது ஸ்பீக்கரில் பாட்டு ஓட ஆரம்பித்து இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அம்மா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்துக் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் உள்ளே போய்விட்டார். என் இடுப்புக்கு மேல் உயரமான டவர் ஸ்பீக்கர் ஒரு ஜோடி. ஒவ்வொன்றையும் தூக்க இரண்டு ஆள் வேண்டும். “ஓட ஓடச் சரியாயிரும்மா” என்று காலி ஹாலைப் பார்த்துச் சொன்னேன். கடைக்காரர் சொல்லி அனுப்பிய வசனம் அது.

ஒரு மாசம் ஓடியும் சரியாகவில்லை. அதற்கப்புறம் ஒன்றரை வருசம் நான் பட்ட பாட்டையும், அதில் கற்றதையும் எழுதிவைக்கிறேன். சிடி அலமாரியை இன்னும் தூக்கிப் போடாதவர்களுக்கு உதவும்.

எனக்குச் சோமனூர்ப் பக்கம். பன்னிரண்டு தறி, கூலிக்கு நெசவு. சின்ன வயசில் நோம்பி நாட்களில் மாமாவுடன் மைக் செட்டு கட்டப் போவேன். மரத்தில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டி, ஒயர் இழுத்து, அந்தச் சத்தம் எவ்வளவு தூரம் போகிறது என்று வரப்பு வரப்பாக நடந்து பார்ப்பதுதான் எங்கள் ‘ஆடிஷன்’. மாமா அப்புறம் ரேடியோ, டிவி ரிப்பேர், மோட்டார் வைண்டிங் என்று போனார். நான் தறிக்கு வந்தேன். பாட்டுக் கேட்கும் ஆசை மட்டும் போகவில்லை. கைக்குக் கொஞ்சம் காசு சேர்ந்ததும் கோவையில் ஒரு கடைக்குப் போனேன். பேர் வேண்டாம்.

ஏசி அறை. தரையில் கால் புதைகிற கார்ப்பெட், சுவரில் துணி போர்த்திய பலகைகள். மூன்று ஜோடி ஸ்பீக்கரை வரிசையாக நிறுத்தி, ஒரு பட்டனைத் தட்டித் தட்டி மாற்றிக் காட்டினார்கள். முதல் இரண்டும் சுமார். மூன்றாவதுக்கு மாற்றியதும் அறையே விழித்துக்கொண்ட மாதிரி இருந்தது. ஆங்கிலத்தில் ஒரு பெண் குரல், பின்னால் ஒற்றைப் பேஸ் கிட்டார். கடையில் வைத்திருக்கும் டிஸ்க். அதை எந்தப் பெட்டியில் போட்டாலும் தேன் மாதிரிதான் இருக்கும், அதற்கென்றே பொறுக்கி வைத்திருப்பார்கள். நான் கொண்டுபோன நாதஸ்வர சிடி பையிலேயே இருந்தது. எடுக்கக் கூச்சமாக இருந்தது என்பதுதான் உண்மை.

அந்தப் பட்டனில் என்ன நடந்தது என்று எனக்கு விளங்க மாசக்கணக்கில் ஆனது. ஸ்பீக்கரின் பின்பக்கத்திலோ அட்டையிலோ சென்சிடிவிட்டி என்று ஒரு எண் போட்டிருப்பார்கள். 2.83 வோல்ட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் என்பது அது. முதல் இரண்டு ஜோடியும் 86, 87. மூன்றாவது 91. வால்யூம் குமிழ் அதே இடத்தில் இருக்க, ஸ்பீக்கரை மட்டும் மாற்றினால் மூன்றாவது நாலைந்து டெசிபல் சத்தமாகப் பாடும். மூன்று டெசிபல் ஏற்றவே இரண்டு மடங்கு பவர் வேண்டும். ஐந்து என்றால் மூன்று மடங்குக்கும் மேல். காது இதைப் ‘சத்தம்’ என்று சொல்லாது. ‘தெளிவு’, ‘உயிரோட்டம்’ என்று சொல்லும். அன்றைக்கு நான் தேர்ந்தெடுத்தது சத்தத்தை.

வீட்டு ஹால் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு, சதுரம். கீழே டைல்ஸ், மேலே கான்கிரீட், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி ஜன்னல். கடை அறைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. தவில் அடித்தால் தொப்பிப் பக்கம் மட்டும் ‘தும்ம்’ என்று இழுத்துக்கொண்டு நின்றது. குரலில் ‘ச’ வரும்போதெல்லாம் ஊசி குத்தியது. கடைக்குப் போன் போட்டேன்.

“பிளேயர் மேட்சிங் ஆகலைங்க சார். உங்க ஸ்பீக்கர் கொஞ்சம் பிரைட் டைப், மேல்சத்தம் தூக்கல். வாம் சவுண்டு, மெத்துனு கேக்கற பிளேயர் ஒண்ணு போட்டீங்கன்னா சரியாப் போயிரும்.”

போட்டேன். பழைய பிளேயருக்கு மூன்று மடங்கு விலை. முதல் சாயந்தரம் சொர்க்கம். “பாரு, குரல் எப்படி முன்னால வருது பாரு” என்று வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். வீட்டுக்காரம்மா, “ஏனுங்க, அந்தக் கெணத்துச் சத்தம் அப்படியேதானுங்க இருக்குது” என்றாள். அடுத்த வாரம் எனக்கும் அப்படித்தான் கேட்டது.

தை நோம்பிக்கு மாமா வந்தார். எழுபது தாண்டினவர். ஒறம்பரைக்கு வந்த இடத்திலும் சட்டைப் பையில் டெஸ்டர் இருக்கும். இரண்டு பிளேயரையும் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டி, புதுசு எவ்வளவு உசத்தி என்று ஒரு பழமை பேசினேன். மனுசன் கேட்டுவிட்டு, “மீட்டர் இருக்குதா மாப்ளே?” என்றார். தறிக்கூடத்தில் இருந்த மல்டிமீட்டரைக் கொண்டுவந்து கொடுத்தேன்.

பையனிடம் லேப்டாப்பில் 400 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை முழு அளவில் தயார் பண்ணி சிடியில் எழுதித் தரச் சொன்னார். சாதா மீட்டர் நம் வீட்டுக் கரண்டின் 50 ஹெர்ட்ஸுக்காகச் செய்தது. சில நூறு ஹெர்ட்ஸ் வரை நம்பலாம், ஆயிரத்துக்கு மேலே போனால் பல மீட்டர்கள் கணக்குத் தப்பும். மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, பிளேயரின் அவுட்புட் ஒயரின் நடுப்பின்னிலும் வெளி வளையத்திலும் முனைகளைத் தொட்டார். பழைய பிளேயர் 2.02. புதுசு 2.33.

“எத்தனைங் மாமா எச்சு?”

“ஒண்ணேகால் டெசிபல். அவ்வளவுதான் உன்ற வாம் சவுண்டு.”

சிடி பிளேயரின் உச்ச அவுட்புட் 2 வோல்ட் என்பது ஊரறிந்த வழக்கம். ஆனால் அதைத் தாண்டி 2.2, 2.3 என்று வைத்திருக்கும் பிளேயர்கள் உண்டு. ஒரு டெசிபல் வித்தியாசத்தைக் காது ‘சத்தம் கூடியிருக்கிறது’ என்று உணர்வதில்லை. ‘நன்றாக இருக்கிறது’ என்றுதான் உணரும். கடைக்காரர் ஏமாற்றவில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன், அவர் காதும் அப்படித்தான் கேட்டிருக்கும்.

மாமா அத்தோடு விடவில்லை. ஆம்ப்ளிபயரின் ஸ்பீக்கர் முனையில் மீட்டரை வைத்து, பழைய பிளேயரில் சரியாக ஒரு வோல்ட் வரும்படி குமிழைத் திருப்பினார். குமிழைச் சுற்றி வெள்ளை டேப் ஒட்டி, அந்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு. பிறகு புதுசுக்கு மாற்றி, அதே ஒரு வோல்ட் வரும்வரை இறக்கி, அங்கே இன்னொரு கோடு. இரண்டு கோட்டுக்கும் நடுவே ஒரு நெல்மணி அகலம்கூட இல்லை. அந்த அகலத்துக்குத்தான் அவ்வளவு காசு கொடுத்திருந்தேன்.

ஒரே பாட்டுக்கு இரண்டு டிஸ்க் வேண்டும் என்பதால் பையன் ஒரு நகல் போட்டான். இரண்டு பிளேயரிலும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு, ஆம்ப்ளிபயருக்கு முன்னால் ஒரு போர்வையைக் கட்டி, அவன் உள்ளே உட்கார்ந்து நாணயம் சுண்டி மாற்றினான். மாற்றும்போது குமிழையும் அந்தந்தக் கோட்டுக்குத் திருப்ப வேண்டும். நான் வெளியே தாளில் ‘பழசு’, ‘புதுசு’ என்று குறித்துக்கொண்டே வந்தேன். பதினாறு தடவை. கண்ணை மூடிக்கொண்டு எழுதினாலே எட்டு சரியாக வரும். பன்னிரண்டாவது பிடித்தால்தான் காது ஏதோ கேட்கிறது என்று பேசலாம். எனக்கு ஏழு. மாமா ஆடவே மாட்டேன் என்றுவிட்டார். “எனக்குக் காதே கேக்கறதில்லை, எனக்கெதுக்குப் பரீட்சை?”

இந்த மறைத்துக் கேட்கும் வேலை மாமா கண்டுபிடித்ததல்ல. ஸ்பீக்கர் ஆராய்ச்சியில் பேர்போன ஃப்ளாய்ட் டூலும் ஷான் ஆலிவும் 1994இல் இதைச் செய்து காட்டினார்கள். அதே ஸ்பீக்கர்களை, அதே ஆட்களுக்கு, ஒருமுறை கண்ணுக்குத் தெரியும்படியும் ஒருமுறை திரை போட்டும் கேட்க வைத்தார்கள். பெரிய பெட்டி, நல்ல வேலைப்பாடு, விலை எல்லாம் தெரிந்தபோது கிடைத்த மதிப்பெண்கள் திரை போட்டதும் மாறிவிட்டன. கேட்டவர்கள் ஒலித் தொழிலிலேயே இருந்தவர்கள்.

அப்படியென்றால் பிளேயரே முக்கியமில்லையா என்றால், எனக்கு முக்கியம்தான், வேறு காரணத்துக்காக. ‘மூலம் சரியாக இருந்தால்தான் மற்றதெல்லாம்’ என்ற பேச்சு தட்டுக் காலத்தில் ஓங்கியது. ரெக்கார்டு பிளேயர்களுக்கு அது நிஜம். ஊசி, கை, மோட்டார், பெல்ட் எல்லாம் இயந்திரம், ஒவ்வொன்றும் சத்தத்தில் கை வைக்கும். 1982 அக்டோபரில் ஜப்பானில் சிடி விற்பனைக்கு வந்ததிலிருந்து அந்தக் கணக்கு மாறிப்போனது. வினாடிக்கு 44,100 மாதிரி, ஒவ்வொன்றும் 16 பிட். டிஸ்க்கைச் சரியாகப் படிக்கிற, பழுதில்லாத இரண்டு பிளேயருக்கு நடுவே மிச்சமிருக்கும் வித்தியாசம் என் காதுக்கு எட்டுவதாக இல்லை. உங்கள் காதுக்கு எட்டலாம். பதினாறுக்குப் பன்னிரண்டு வாங்கிக்கொண்டு வாருங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

நான் இன்று பிளேயரில் பார்ப்பது வேறு. கீறல் விழுந்த பழைய டிஸ்க்கைத் திக்காமல் படிக்கிறதா? வீட்டில் எழுதிய சிடியை எடுக்கிறதா? பழைய பிளேயர்களில் பல அதை எடுக்காது. டிரே பெல்ட்டும் லென்ஸும் இங்கே கிடைக்குமா? எங்கள் ஊரில் பஞ்சுத் தூசு காற்றோடு வரும். ஆறு மாசம் விட்டால் லென்ஸ் மேல் பூனை மயிர் மாதிரி படிந்துவிடும், பாட்டு எகிறி எகிறிக் குதிக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மெடிக்கலில் கிடைக்கும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சுக் குச்சியில் துளி தொட்டு, லேசாக ஒற்றி எடுத்தால் போதும். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் மிதக்கிறது, கண்ணாடி துடைக்கிற மாதிரி அழுத்தினால் போச்சு. ஓடும்போது திறந்து எட்டிப் பார்க்கவும் கூடாது. 780 நானோமீட்டர் லேசர், கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

பிளேயருக்கும் ஸ்பீக்கருக்கும் உண்மையிலேயே பொருத்தம் பார்க்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது. அதைக் கடையில் யாரும் சொன்னதில்லை. 2.33 வோல்ட் தள்ளும் பிளேயர், 91 டெசிபல் ஸ்பீக்கர். குமிழைக் கொஞ்சம் நகர்த்தினாலே ஹால் நிரம்பிவிடும். ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு மெதுவாகக் கேட்க வேண்டுமென்றால் குமிழ் அடிமட்டத்தில், ஆரம்பக் கோட்டுக்கு ஒட்டி நிற்கும். சாதாரணக் குமிழ்களுக்கு அந்த இடத்தில் இடது வலது சமமாக இருக்காது. பாடுகிறவர் நடுவில் இருந்து நகர்ந்து இடது ஜன்னலோரம் போய் நின்றுகொள்வார். ஸ்பீக்கர் கோளாறு என்று நினைத்து இரண்டையும் இடம் மாற்றி வைத்தேன், அப்போதும் அவர் இடப்பக்கமே நின்றார். அதில்தான் குமிழ்மேல் சந்தேகம் வந்தது. பிளேயருக்கும் ஆம்ப்ளிபயருக்கும் நடுவே பத்து டெசிபல் குறைக்கும் சின்ன அட்டெனுவேட்டர் போட்டால் சரியாகும். அல்லது சென்சிடிவிட்டி குறைந்த ஸ்பீக்கர் வாங்க வேண்டும். கடைக்குப் போனால் பகலில் கேட்கும் சத்தத்தில் மட்டும் கேட்காமல், ராத்திரிச் சத்தத்துக்கும் இறக்கிக் கேளுங்கள்.

இனி அந்தக் கிணறு. மாமா ஹாலின் நடுவே நின்று ஒரு கை தட்டினார். ‘டர்ர்’ என்று சுவருக்குச் சுவர் அடித்துத் திரும்பியது. “கல்யாண மண்டபத்துல மைக் கட்டறப்ப இதத்தானடா பாப்போம்” என்றார். அப்புறம் ஒரு கணக்குச் சொன்னார். 565ஐ அறையின் நீளத்தால், அடிக்கணக்கில், வகுத்தால் அந்த அறை எந்த ஹெர்ட்ஸில் முதலில் அதிரும் என்று தெரியும். ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1,130 அடி, அதில் பாதி 565. பன்னிரண்டு அடிக்கு 47 ஹெர்ட்ஸ். என் ஹால் சதுரம் என்பதால் நீளத்துக்கும் 47, அகலத்துக்கும் 47. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். அந்த அலைவரிசையை நன்றாகத் தள்ளக்கூடிய டவர் ஸ்பீக்கரை, அதுவும் இரண்டு மூலையிலும் ஒட்டி நிறுத்தியிருந்தேன். மூலை என்பது இரண்டு சுவரும் தரையும் சேரும் இடம், மூன்றும் சேர்ந்து பேஸ் எனும் அடிச்சத்தத்தை ஏற்றிவிடும். இதற்கு எந்த சிடி பிளேயர் என்ன செய்ய முடியும்?

சுவரைவிட்டு இரண்டரை அடி முன்னால் இழுத்தோம். பின்சுவரில் ஒட்டியிருந்த சோபாவையும் முன்னால் கொண்டுவந்தோம். சுவரோரம் உட்கார்ந்தால் அடிச்சத்தம் கூடித்தான் கேட்கும். இந்த இரண்டே வேலையில் பாதி ‘தும்ம்’ போய்விட்டது. தரையில் பவானி ஜமுக்காளம் விரித்தேன். கை தட்டினால் வரும் ‘டர்ர்’ குறைந்தது, ‘ச’வின் ஊசியும் கொஞ்சம் மழுங்கியது. ஆனால் ஜமுக்காளமோ திரைச்சீலையோ அடிச்சத்தத்தைத் தொடாது, அவ்வளவு மெல்லிய துணிக்கு அந்த வேலை ஆகாது. பரணில் கிடந்த கனத்த பஞ்சு மெத்தை இரண்டை மூலையில் நிறுத்திப் பார்த்தேன். ஏதோ ஒரு இழை குறைந்தது. வீட்டுக்காரம்மா ஒரு வாரம் பொறுத்தாள். “ஏனுங்க, இது ஊடா, மெத்தைக் கடையா?” என்றதும் மெத்தை பரணுக்குத் திரும்பியது.

டவர் ஸ்பீக்கரை நஷ்டத்துக்குக் கொடுத்துவிட்டு அடுத்த ஜோடி தேடக் கிளம்பும்போதுதான் காது விசயம் வந்தது. பையன் எப்போதும் ‘கத்துதுப்பா’ என்பான், எனக்கோ அதுவே தெளிவாக இருக்கும். சண்டை முற்றி, கோவையில் காது டாக்டரிடம் போய் ஆடியோகிராம், அதாவது கேட்கும் திறன் சோதனை, எடுத்தேன். இரண்டு காதிலும் 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு பள்ளம். டாக்டர் தாளைப் பார்த்ததும், “தறி ஓட்டறீங்களா?” என்றார். இரைச்சலில் வேலை செய்கிறவர்களுக்கு அந்த இடத்தில்தான் முதலில் கேட்கும் திறன் விழும். எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபலுக்கு மேல் போனால் காதைக் காப்பாற்ற வேண்டும் என்பது பொதுவான அளவு. எங்கள் கூடத்தில் செல்போன் ஆப் 96 காட்டியது. போன் அளவை அப்படியே நம்ப முடியாது. முப்பது வருசம் காதில் ஒன்றும் வைக்காமல் நின்றிருக்கிறேன். இப்போது எல்லாருக்கும் காதடைப்பான் வாங்கி வைத்திருக்கிறேன், பாதிப் பேர் போட மாட்டேன் என்கிறார்கள். அது தனிக்கதை.

அப்போ எனக்கு 4,000 பக்கம் தூக்கலாக இருக்கும் ஸ்பீக்கர்தானே பொருத்தம் என்று மாமாவிடம் கேட்டேன். சித்த நேரம் யோசித்தார்.

“கோயில்ல மேளம் கேக்கறயே, அது எந்தக் காதுல கேக்கற?”

“இதே காதுலதானுங் மாமா.”

“அப்பறம்? கோயில்ல கேட்டாப்ல பொட்டிலயும் கேக்குதான்னு பாரு. உன்ற காதுக்குப் பொட்டியத் திருத்தாத.”

இதை நான் எந்த ஆடியோ விற்பனையாளரிடமும் கேட்டதில்லை. பள்ளமான காதோடுதான் நேரில் நாதஸ்வரத்தைக் கேட்கிறேன், என் மண்டையில் ‘நாதஸ்வரம்’ என்று பதிந்திருப்பதே அந்தப் பள்ளத்தோடு சேர்ந்ததுதான். பெட்டி உள்ளதை உள்ளபடி கொடுத்தால் எனக்கும் சரியாக இருக்கும், பையனுக்கும் சரியாக இருக்கும். தூக்கலான பெட்டி வாங்கினால் எனக்கே அது வேறு வாத்தியமாகத்தான் கேட்கும்.

இன்னொன்று. தறிக்கூடத்திலிருந்து நேராகப் போய் ஸ்பீக்கர் கேட்காதீர்கள். இரைச்சலில் நின்ற காது சில மணி நேரம் மந்தித்துக் கிடக்கும், ஒரு ராத்திரி தூங்கினால்தான் திரும்பும். மண்டபம், பனியன் கம்பெனி, பட்டறை, புல்லட் பயணம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். நான் முதல் தடவை கோவைக்குப் போனது ராத்திரி ஷிப்டு முடித்துவிட்டு.

இரண்டாம் முறை வேறொரு கடை. ‘வீட்டில் வைத்துக் கேட்டுத்தான் வாங்குவேன், முன்பணம் கட்டுகிறேன்’ என்றேன். தயங்கினார்கள், அப்புறம் சரி என்றார்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம், நம் பணம். இரண்டு ஜோடி புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் என்கிற சின்னப் பெட்டி சனிக்கிழமை சாயந்தரம் வீட்டுக்கு வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஊரில் தறி நிற்கும். அந்த அமைதியில்தான் தம்புராவின் சுருதி அடங்கும் இடமும், பாடுகிறவர் மூச்சு வாங்குவதும் தெரியும். மற்ற நாளில் அதெல்லாம் ‘டக்கடக்’குக்குள் போய்விடும்.

ஸ்டாண்டு கடையில் கேட்ட விலைக்கு எனக்குச் சிரிப்பு வந்தது. கோவை கணபதியில் லேத் வைத்திருக்கும் மச்சானிடம் இரும்புக் குழாயில் இருபத்து நாலு அங்குலத்துக்கு ஒரு ஜோடி செய்யச் சொன்னேன். குழாய்க்குள் காய்ந்த எம்சாண்ட் நிரப்பினோம், தட்டினால் மணி மாதிரி ஒலிக்காமல் ‘தொப்’ என்றது. உயரம் முக்கியம், உட்கார்ந்தால் மேல்சத்தம் தரும் டுவீட்டர் காது மட்டத்துக்கு வர வேண்டும். இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அவ்வளவே உங்களுக்கும் ஒவ்வொன்றுக்கும் இருக்கட்டும்.

முதல் ஜோடியை மாட்டியதும் சப்பென்று இருந்தது. தவில் இருக்கிறது, அடி இல்லை. பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்றே தெரியவில்லை, ஹால் முழுக்கப் பரவிக் கிடந்தார். வேண்டாம் என்று கழற்றப் போனேன். மாமா போனில், “சேப்பு கருப்பு மாத்திட்டிருப்ப” என்றார். ஆமாம், ஒரு ஸ்பீக்கருக்கு மட்டும் சிவப்பும் கருப்பும் மாறியிருந்தது. ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுத்தால் அடிச்சத்தம் ஒன்றையொன்று தின்றுவிடும். சந்தேகம் வந்தால் ஆம்ப்ளிபயரிலிருந்து ஒயரைக் கழற்றி, 1.5 வோல்ட் டார்ச் செல்லின் பிளஸ்ஸை சிவப்பு ஒயரிலும் மைனஸைக் கருப்பிலும் ஒரு நொடி தொடுங்கள். அடிச்சத்தம் தரும் ஊஃபர் கூம்பு வெளியே தள்ளினால் சரி. இரண்டும் ஒரே பக்கம் தள்ள வேண்டும். கடைகளிலும் இந்தத் தப்பு நடக்கும், ஒரு நல்ல ஸ்பீக்கரை இதனாலேயே யாரோ ஒதுக்கியிருப்பார்கள்.

சத்தத்தைச் சமன் செய்வதும் இங்கே வேறு மாதிரி. பிளேயருக்கு மீட்டர் போதும். ஸ்பீக்கருக்கு மீட்டர் உதவாது, ஒரே வோல்ட்டுக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு கத்தும். பையன் பிங்க் நாய்ஸ் என்ற இரைச்சலை சிடியில் எழுதிக் கொடுத்தான். சோபாவில் காது இருக்கும் இடத்தில் போனைப் பிடித்து, இரண்டு ஜோடிக்கும் ஆப் ஒரே எண் காட்டும்படி குமிழில் கோடு போட்டோம். எண் நிஜமோ பொய்யோ கவலையில்லை, இரண்டுக்கும் ஒரே பொய் என்றால் போதும்.

டிஸ்க் ஐந்து வைத்துக்கொண்டேன். முந்தின ராத்திரி கோயிலில் மேளம் கேட்டுவிட்டு வந்திருந்ததால் முதலில் நாதஸ்வரம். அடுத்து தம்புராவோடு ஒரு பெண் குரல். மூன்றாவதாகத் தனி ஆவர்த்தனம், மிருதங்கத்தின் இடந்தலைக்காக. உடுக்கை ஒன்று, கையின் அழுத்தத்துக்கு ஏற்ப அதன் சுருதி ஏறி இறங்கும், அறை அதிர்கிற இடத்தைத் தாண்டும்போது சத்தம் திடீரென்று வீங்கினால் தெரிந்துவிடும். கடைசியாக, வேண்டுமென்றே, மோசமாகப் பதிவான ஒரு பழைய சினிமாப் பாட்டு சிடி. நம் அலமாரியில் பாதி அப்படித்தானே? நல்ல டிஸ்க்கில் மட்டும் நன்றாகப் பாடும் பெட்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

முதல் ஜோடி அரை மணி நேரத்துக்கு அபாரம், ஒரு மணி நேரத்தில் பையன் எழுந்து போய்விட்டான், எனக்கும் காது சோர்ந்தது. இரண்டாவது 86 டெசிபல்காரன். முதலில் ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. பத்து மணிக்கு ஆரம்பித்தது, வீட்டுக்காரம்மா அரிசியும்பருப்புச் சோற்றைத் தட்டில் போட்டுக் கையில் கொடுத்தபோதுதான் மணி இரண்டு என்று தெரிந்தது. நாதஸ்வரம் உச்சத்துக்குப் போனபோது கூசவில்லை, ஆனால் சீவாளியின் அந்தக் கரகரப்பு அப்படியே இருந்தது. பதிவு மோசமான டிஸ்க்கும் மோசமாகவே இருந்தாலும் கேட்க முடிந்தது. அதையே வைத்துக்கொண்டேன். ராத்திரி குமிழ் இப்போது அடிமட்டத்தைவிட்டு மேலே நிற்கிறது, பாடுகிறவரும் நடுவில் நிற்கிறார்.

86 என்றால் ஆம்ப்ளிபயர் பெரிதாக வேண்டுமே என்று சிலர் பயமுறுத்தினார்கள். ஒன்பது அடி தள்ளி உட்கார்ந்து சாதாரணமாகக் கேட்க ஒரு வாட்டே கிட்டத்தட்டப் போதும். தவில் திடீரென்று அடிக்கும் அந்த நொடிக்குத்தான் மிச்சம். இருபது டெசிபல் எகிறினால் நூறு மடங்கு. என் ஆம்ப்ளிபயர் எண்பது வாட். நூறு முழுதாக இல்லை, ஆனால் நூறு வாட் கேட்கிற அளவுக்குச் சத்தம் வைத்தால் அம்மா மெயினை ஆஃப் பண்ணிவிடுவார்.

ஒரு ‘ஊம்ம்’ மட்டும் ரொம்ப நாள் போகவில்லை. எர்த் சரியில்லை என்று புதுக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றி, செலவு பண்ணினேன். கடைசியில் பார்த்தால் கேபிள் டிவி ஒயர். டிவியின் சத்தத்தை ஆம்ப்ளிபயருக்கு இழுத்திருந்ததால் கேபிள்காரர் லைனின் எர்த்தும் வீட்டு எர்த்தும் சேர்ந்து ஒரு சுற்றுப் போட்டிருந்தது. செட்டாப் பாக்ஸிலிருந்து அந்த ஒயரைப் பிடுங்கியதும் நிசப்தம். முதலில் ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிப் பாருங்கள், குழி அப்புறம் தோண்டலாம்.

அந்த விலை உசந்த பிளேயரை மச்சான் கேட்டான், ஸ்டாண்டு செய்து கொடுத்ததற்குக் கூலியாக. “நல்ல வாம் சவுண்டாம்ல மாப்ளே?” என்றான். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பின்பக்கம் அவுட்புட் முனைக்கு மேலே வெள்ளை டேப் ஒட்டி, ஸ்கெட்ச் பேனாவில் 2.33 என்று எழுதிக் கொடுத்தனுப்பினேன்.